காயில் ஏன் இவ்வளவு சீக்கிரம் கருகுகிறது? வாசகர் கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடாவில் ஒருவராவது வேலை பார்க்காத வீடு குறைவு. அதனால் இந்த முறை வேப் என்கிற மின்சிகரெட் கருவி பற்றிய கேள்விகள் நிறைய அங்கிருந்தே வந்திருக்கின்றன. காயில் என்பது அதற்குள் பஞ்சோடு இருந்து, ஜூஸ் என்கிற நிகோடின் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள். கருவி சட்டப்படி கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். இதுவரை தொடாதவர்கள் தொட வேண்டாம், நிகோடின் பிடித்தால் விடுவது லேசான காரியம் இல்லை. ஊரில் இருப்பவர்கள் நான்காவது கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

அண்ணாச்சி, துபாயில் இருக்கிறேன், சொந்த ஊர் மார்த்தாண்டம். பாட் என்கிற, சின்ன ஜூஸ் கூடு மாட்டும் வகை கருவி. புது காயில் போட்டால் நாலைந்து நாளில் கரிந்த வாடை வந்துவிடுகிறது. கூட இருப்பவருக்கு அதே கருவியில் இரண்டு வாரம் ஓடுகிறது. எனக்கு மட்டும் ஏன்?

தம்பி, முதலில் நீங்கள் ஊற்றும் ஜூஸைப் பாருங்கள். மாம்பழம், கஸ்டர்ட், கோலா என்று தித்திப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. இந்த லிக்விட்களின் அடிப்படை புரோப்பிலீன் கிளைக்கால், தாவரக் கிளிசரின் என்ற இரண்டும்தான், கடைக்காரர்கள் பிஜி, விஜி என்பார்கள். இவை இரண்டும் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். தித்திப்புக்காகச் சேர்க்கிற சுக்ரலோஸ் அப்படிப் போகாது, கம்பியின் மேலேயே தங்கிக் கருகும். பதநீரைக் காய்ச்சும்போது அடிப்பிடித்த சட்டியைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அதே மாதிரி ஒரு கறுப்புப் படலம் காயிலைச் சுற்றி ஏறுகிறது, ஏறினபிறகு சூடு ஒழுங்காகப் பரவாது, பக்கத்திலிருக்கும் பஞ்சும் ஜூஸைச் சரியாக இழுக்காது, அப்புறம் பஞ்சே கருக ஆரம்பிக்கும். கூட இருப்பவர் புதினாவோ புகையிலை ருசியோ தித்திப்பில்லாமல் ஊற்றுகிறவராக இருப்பார் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஜூஸின் கெட்டி. விஜி எழுபது, பிஜி முப்பது என்ற கலவை பெரிய டேங்குக்கு ஆனது. சின்ன பாடில் இருக்கிற காயிலின் துவாரம் ரொம்பச் சிறியது, கெட்டியான ஜூஸ் அதன் வழியே மெதுவாகத்தான் ஊறும். நீங்கள் விடாமல் ஐந்தாறு இழுப்பு இழுத்தால் பஞ்சு காய்ந்துபோகும், காய்ந்த பஞ்சின் மேல் கம்பி சூடானால் ஒரே இழுப்பில் காயில் போச்சு. பாட் கருவிக்குப் பாதிக்குப் பாதி கலவை வாங்குங்கள். ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவில் அரை நிமிடம் விடுங்கள், பஞ்சு மறுபடி நனையட்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் அவசரத்தில் விடுவது. புது காயில் போட்டதும் அதன் பக்கத் துவாரங்களில் தெரியும் பஞ்சின் மேல் இரண்டு மூன்று சொட்டு ஜூஸ் விட வேண்டும், அப்புறம் டேங்கை நிரப்பிப் பத்து நிமிடமாவது சும்மா வைக்க வேண்டும். காயிலின் மேலேயே எத்தனை வாட் முதல் எத்தனை வாட் வரை என்று அச்சடித்திருக்கும், முதலில் அந்தக் கீழ் எண்ணில் வையுங்கள், நாலைந்து இழுப்புக்குப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். மேல் எண்ணைத் தாண்டவே வேண்டாம். டேங்க் கால் பங்குக்கு வந்ததுமே நிரப்புங்கள். துவாரம் ஜூஸுக்கு வெளியே வந்துவிட்டால் பஞ்சு நனைய வழியில்லை.

கரிந்த வாடை வந்த பிறகும் "இன்னும் ஒரு நாள் ஓட்டலாம்" என்று இழுக்காதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். காய்ந்த பஞ்சிலும் மிஞ்சின சூட்டிலும் கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு மாதிரியான நச்சுகள் உண்டாகின்றன. தொண்டையில் சுரீரென்று வருகிறதே, அது அந்த எச்சரிக்கைதான். ஒரு காயிலின் விலைக்காக நுரையீரலைப் பணயம் வைக்காதீர்கள்.

கம்பெனி காயிலைக் கழுவி மறுபடி போடலாமா? என் நண்பர் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி எரித்துச் சுத்தம் செய்கிறார். அது சரியா? (அபுதாபி, ஊர் தக்கலை)

இரண்டும் வேறு வேறு வேலை.

கம்பெனி காயிலுக்குள் பஞ்சு அடைத்தே வரும். அதைக் கழுவலாம், ஆனால் எதற்குக் கழுவுகிறீர்கள் என்று தெரிந்து கழுவ வேண்டும். ருசி மங்கிவிட்டது, பழைய ஜூஸின் வாடை புதியதில் கலக்கிறது, இதற்கெல்லாம் கழுவினால் பலன் உண்டு. பஞ்சு கருகிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் கரி கரிதான், குப்பையில் போடுங்கள். கழுவுவதானால் டேங்கிலிருந்து கழற்றி, கைப்பொறுக்கும் வெந்நீரில் நாலைந்து முறை அலசுங்கள், நீர் பழுப்பாக வருவது நிற்கும்வரை. அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஓரிரண்டு மணி நேரம் ஊறவைத்து, மறுபடி வெந்நீரில் நன்றாக அலசி, ஊதி, காற்றாடும் இடத்தில் முழுசாக ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரம் இருக்கும்போது கருவியில் மாட்டி சூடாக்கிக் காயவைக்கிறேன் என்று இறங்காதீர்கள், ஆல்கஹால் மிச்சம் இருந்தால் தீப்பிடிக்கும். உலர்ந்ததும் புது காயில் மாதிரியே சொட்டு விட்டு ஊறவைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் புதுசுபோல் ஆகாது, கொஞ்ச நாள் கூட ஓடும், அவ்வளவுதான். ஒரே காயிலை இரண்டாம் தடவை கழுவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் நண்பர் செய்வது தானே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் வகைக்கு உரியது. அதில் பஞ்சை மொத்தமாக உருவிவிட்டு வெறும் கம்பியைச் சுத்தம் செய்யலாம், அந்த வகையின் பெரிய வசதியே அதுதான். ஆனால் சிவக்கக் காய்ச்சுவதை நான் சொல்ல மாட்டேன். கேந்தால் என்கிற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியானாலும், நிக்குரோம் ஆனாலும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆனாலும், செந்தணலாகக் காய்ச்சிக் காய்ச்சி ஆறவைத்தால் உலோகத்தின் மேற்பரப்பு மாறிவிடுகிறது. நிக்கல் கம்பியும் டைட்டானியம் கம்பியும் என்றால் அறவே கூடாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டிலில் இருந்த லிக்விடை விட, காயிலைத் தொட்டுச் சூடான லிக்விடிலும் ஆவியிலும் ஈயம், குரோமியம், நிக்கல் எல்லாம் அதிகமாக இருந்தன. ஒழுங்காக ஓடுகிற காயிலிலேயே உலோகம் ஆவியோடு வருகிறது என்றால் அதைத் தணலில் போட்டு இன்னும் கெடுப்பானேன்?

பஞ்சை உருவிவிட்டு கம்பியை வெந்நீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் நீவிவிடுங்கள். படலம் போகவில்லையா, கம்பியை மாற்றிவிடுங்கள். ஒரு சுருள் கம்பி பல மாதத்துக்கு வரும், விலையும் குறைவுதான். பஞ்சை மட்டும் ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்றினாலே ருசி மங்காது. புதுக்கம்பி போட்டதும் அதன் மின்தடை எத்தனை ஓம் காட்டுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும். கம்பியின் கால் எங்காவது உலோகத்தில் இடித்துக்கொண்டிருந்தால் பேட்டரிக்கே ஆபத்து.

படகில் வேலை, ஷார்ஜாவில் கரை. கருவியின் அடியில் காயில் மாட்டுகிற இடம் பச்சை பிடித்து, சில நேரம் 'காயில் இல்லை' என்று காட்டுகிறது. ஜூஸும் ஒழுகுகிறது. (குளச்சல்)

உப்புக்காற்றும் ஒழுகின ஜூஸும் சேர்ந்த வேலை அது. பேட்டரி தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, முடியாவிட்டால் கருவியை அணைத்துவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு அந்த இணைப்பைத் துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், மேல்முலாம் போய்விடும், அப்புறம் இன்னும் வேகமாகப் பச்சை பிடிக்கும். கருவியின் உடம்பைத் தண்ணீரில் காட்டவே கூடாது.

ஒழுகுவதற்குப் பெரும்பாலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் தேய்ந்தோ மடங்கியோ இருப்பதுதான் காரணம். டேங்கைக் கழற்றிக் கழுவும்போது வளையங்களைத் தனியே எடுத்து இளஞ்சூட்டு நீரில் அலசினால் போதும், மாட்டும்போது ஒரு சொட்டு ஜூஸ் தடவினால் மடங்காமல் உட்காரும். பிளாஸ்டிக் டேங்க் என்றால் லவங்கப்பட்டை ருசியும் எலுமிச்சை ருசியும் ஊற்றாதீர்கள், சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். வெயிலில் படகின் மேல்தட்டில் வைப்பதும் கூடாது, சூட்டில் ஜூஸ் இளகி ஒழுகும், பேட்டரிக்கும் ஆகாது. பேட்டரி உப்பியிருந்தாலோ மேலுறை கிழிந்திருந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஒழுகின ஜூஸ் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

மகன் லீவில் வரும்போது ஒரு கருவியும் நாலைந்து காயிலும் கொண்டுவந்தான். இங்கே நாகர்கோவிலில் காயில் வாங்கித் தரச் சொல்கிறான். கிடைக்குமா? (பெயர் வேண்டாம், கருங்கல்)

அம்மா, வாங்கிக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2018 செப்டம்பரிலேயே தடை வந்துவிட்டது. 2019 செப்டம்பரில் நாடு முழுக்க அவசரச் சட்டம் போட்டு, அந்த டிசம்பரில் அதையே நாடாளுமன்றச் சட்டமாக்கினார்கள். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முழுக் கருவியானாலும் அதன் ஒரு பாகமானாலும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் காயில் மட்டும்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். இருப்பு வைப்பதற்குத் தனித் தண்டனை இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். திருவனந்தபுரத்தில் இறங்குகிற பிள்ளைகள் "அங்கே கடையில் பில் போட்டு வாங்கினது" என்று சொன்னாலும் அது செல்லாது. அமீரகத்தில் 2019-இல் விற்பனையை அனுமதித்தார்கள், அந்த அனுமதி அந்த நாட்டோடு முடிந்தது.

திருட்டுத்தனமாக விற்கிற சரக்கில் வேறு பயமும் உண்டு. 2019-இல் அமெரிக்காவில் வேப் பிடித்த பலர் நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சரக்கு, அதில் சேர்த்த வைட்டமின் இ அசிடேட் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறான் என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அந்த ஜூஸ் பாட்டில் இன்றைக்கே கைக்கெட்டாத இடத்துக்குப் போக வேண்டும், பழ வாசனைக்குக் குழந்தை வாயில் வைத்துவிடும், கொஞ்சம் போனாலே விஷம். மகனிடம் சண்டை போடாமல் பேசுங்கள். விட வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருந்தால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள். லீவு நாட்களில் கருவி இல்லாமல் இருந்து பழகினால் திரும்பிப் போன பிறகும் விடுவது கொஞ்சம் லேசாகும்.

இது வேறு கேள்வி. பேரனுக்கு இளைப்பு, டாக்டர் சொல்லி நெபுலைசர் வாங்கினோம். முதலில் பத்து நிமிடத்தில் மருந்து முடியும், இப்போது அரை மணி நேரம் ஆகிறது. மெஷின் போய்விட்டதா? (குலசேகரம்)

இது வேறு கேள்வி இல்லை அம்மா, திரவத்தைப் பொடிப்பொடியாக்கி மூச்சில் கலக்கிற வேலைதான் இரண்டிலும். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003-இல் உருவாக்கிய மின்சிகரெட்டே முதலில் சூடான கம்பியால் ஓடவில்லை, சில நெபுலைசர்களில் இருக்கிற மாதிரி மீயொலி அதிர்வால்தான் ஓடியது. ஆனால் உங்கள் பேரனுடையது மருந்து, அதனால் இதற்கு நூறு மடங்கு கவனம் வேண்டும்.

மெஷின் போயிருக்காது. மருந்து ஊற்றும் கிண்ணத்துக்குள் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும், மருந்து காய்ந்து அதை அடைத்திருக்கும். மோட்டாரின் பக்கத்தில் சின்ன மூடியைத் திறந்தால் உள்ளே வட்டமான ஃபில்டர், அது சாம்பல் நிறமாகி இருந்தால் மாற்றுங்கள், கழுவிப் போடாதீர்கள். குழாய் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு முறை மருந்து முடிந்ததும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழற்றிக் கொதித்து ஆறின நீரில் அலசி, உதறி, சுத்தமான துணியின் மேல் காயவையுங்கள். நாளுக்கு ஒரு தடவை சோப்பு நீர். வாரம் ஒரு தடவை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு, அதில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள், உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். துளையில் ஊசி, குண்டூசி எதுவும் விடாதீர்கள், துளை பெரிதானால் மருந்து பெரிய துளியாகி நெஞ்சுக்குள் போகாது. நீண்ட குழாயை மட்டும் கழுவக்கூடாது, உள்ளே ஈரம் தெரிந்தால் கிண்ணத்தைக் கழற்றிவிட்டு மெஷினை இரண்டு நிமிடம் ஓடவிட்டால் காற்றே உலர்த்திவிடும்.

நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. உங்கள் மலையடிவாரத்தில் துணியே காயாத நாட்களில் கிண்ணம் மட்டும் எப்படிக் காயும்? ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும், அதையே பிள்ளை மூச்சில் இழுக்கும். மழைக்காலத்தில் இன்னொரு கிண்ணமும் மாஸ்க்கும் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுசு வாங்கிவிடுங்கள். ஸ்டீராய்டு மருந்து வைக்கிறீர்கள் என்றால் முடிந்ததும் பிள்ளையின் முகத்தைத் துடைத்து வாயைக் கொப்பளிக்கவும் சொல்லுங்கள். இவ்வளவும் செய்து இன்னமும் நேரம் இழுத்தால் மெஷினை வாங்கின கடையில் காற்றழுத்தம் பார்க்கச் சொல்லலாம். பிள்ளைக்கு விலா உள்ளிழுத்து இளைத்தால் மட்டும் மெஷினோடு மல்லுக்கட்டாமல் நேரே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோங்கள்.