சொடுக்கும் விசையின் பிறவி எது?

கேள்வி: பழைய கணினி விசைப்பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு விசையும் அழுத்தும்போது ‘டிக்’ என்று ஒலிக்கிறது. உள்ளே இருப்பது எந்த வகை ஸ்விட்ச் என்று எப்படிக் கண்டறிவது?

பதில்: ஒலியை மட்டும் நம்பாதீர்கள், ஒரு விசையின் மூடியை நேராக மேல்நோக்கி இழுத்துக் கழற்றிப் பாருங்கள். உருளை வடிவக் குழிக்குள் வெறும் சுருள்வில் மட்டும் நின்றால், அது அழுத்தத்தில் மடங்கிச் சாய்ந்து ஒலியெழுப்பும் ஐபிஎம் வகையாக இருக்கக்கூடும். 1985-இல் வெளிவந்த ‘மாடல் எம்’ விசைப்பலகை அதில் பெயர்பெற்றது, அதன் அடிப்புறச் சீட்டில் தயாரிப்புத் தேதியும் இருக்கும். கூட்டல் குறி போன்ற தண்டு தெரிந்தால் அது செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வகை. அதிலேயே நீலத் தண்டைச் சுற்றித் தனியாக அசையும் வெள்ளை வளையம்தான் சொடுக்கொலியைத் தருகிறது. தண்டின் நடுவில் நீள்சதுரப் பள்ளம் இருந்தால் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஸ்விட்ச் என்று கருதலாம், ஆனால் அதைப் பார்த்துச் செய்த நகல்கள் ஏராளம் என்பதால், ஸ்விட்சின் மேலோட்டில் ‘ஆல்ப்ஸ்’ என்ற எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் தேடுங்கள். தண்டின் நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்டுவது என் அனுபவத்தில் பெரும்பாலும் ஏமாற்றவே செய்யும்: வெள்ளை பழுப்பேறினால் மஞ்சளாகத் தோன்றும்.