பால் செய்சாஸ் டூர் ஜெயிப்பானா? – கேள்வி பதில்

2025 சைக்கிள் ரேஸ் சீசன் முடிஞ்சதுல இருந்து பால் செய்சாஸ்ங்கற இந்த பையன் டூர் டி பிரான்ஸ் ஜெயிப்பானான்னு தான் எல்லாரும் கேக்குறீங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை விட மொத்தமா இங்கயே சொல்லிடறேன். நான் 2003ல இருந்து மூணு வார ரேஸ் எல்லாம் (பிரான்ஸ்ல டூர், இத்தாலில ஜீரோ, ஸ்பெயின்ல வுவெல்டா) விடாம பாக்குறவன், வேற தகுதி ஒண்ணும் இல்ல, ஆனா இந்த விஷயத்துல ரொம்ப அக்கறை இருக்கு.

கேள்வி: அண்ணா, நான் இப்ப தான் சைக்கிளிங் பாக்க ஆரம்பிச்சேன். யாரு இந்த செய்சாஸ், ஏன் இவ்ளோ பேச்சு?

பதில்: தம்பி, பிரான்ஸ்ல லியோன் ஊர் பையன், பொறந்தது 2006 செப்டம்பர். 2024ல சூரிக்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல ஜூனியர் டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனியா கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுற ரேஸ்) ஜெயிச்சான், பொதுவா அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருஷம் அண்டர் 23 ரேஸ் ஓட்டிட்டு தான் பெரிய டீமுக்கு வருவாங்க, இவன் நேரா டெகாத்லான் டீமோட வேர்ல்டு டூர் அணிக்கே, அதாவது உச்ச மட்டத்துக்கே வந்துட்டான், அதுவும் 18 வயசுல. 2025 ஜூன் மாசம் பிரான்ஸ்ல நடக்குற எட்டு நாள் டோஃபினே ரேஸ்ல எட்டாவது இடம், அந்த ரேஸ்ல முதல் மூணு இடம் பொகாச்சார், விங்கேகோ, லிபோவிட்ஸ், அதாவது அடுத்த மாசம் டூர் டி பிரான்ஸ்லயும் அதே வரிசைல மேடை ஏறின மூணு பேர், அப்படிப்பட்ட ஆளுங்களோட மலை ஏறி எட்டாவது வந்திருக்கான். ஆகஸ்ட்ல டூர் டி லவெனிர் பட்டம். அக்டோபர்ல ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல பொகாச்சார், எவனபோல் ரெண்டு பேருக்கு அடுத்து மூணாவது, அடுத்த வாரமே லொம்பார்தியாங்கற இத்தாலி ஒரு நாள் ரேஸ்ல ஏழாவது. எல்லாம் ஒரே வருஷத்துல.

பிரான்ஸ்காரங்களுக்கு ஏன் இவ்ளோ துடிப்புன்னா, கடைசியா ஒரு பிரெஞ்சு ஆம்பள டூர் ஜெயிச்சது 1985, பெர்னார் ஹினோ. நாப்பது வருஷம் ஆச்சு. (பெண்கள் டூரை 2025ல பொலின் ஃபெர்ரோ ப்ரெவோ ஜெயிச்சு அந்த ஊரையே அழ வெச்சாங்க, அத மறக்கக் கூடாது.)

கேள்வி: லவெனிர் ஜெயிச்சவன் எல்லாம் டூர் ஜெயிக்கிறாங்களா? அத ஏன் இவ்ளோ பெருசா பேசுறாங்க?

பதில்: பேர்லயே எதிர்காலம்னு இருக்கு, இளைஞர்களுக்கான டூர் டி பிரான்ஸ் மாதிரி. 2017ல பெர்னால் ஜெயிச்சான், 2019ல டூர் எடுத்தான். 2018ல பொகாச்சார், 2020ல டூர். இந்த ரெண்டு பேரை மட்டும் பாத்தா, ஆஹா இது நேர் வழின்னு தோணும்.

மத்த பேரையும் பாருங்க. 2009ல ரொமெய்ன் சிகார்னு ஒரு பிரெஞ்சு பையன், லவெனிரும் ஜெயிச்சான், அதே வருஷம் அண்டர் 23 உலக சாம்பியனும் ஆனான், அன்னைக்கு இவனைப் பத்தியும் இதே பேச்சு தான், ஆனா மூணு வார ரேஸ்ல மேடை ஏறவே இல்ல. 2016ல டேவிட் கோடு, நல்லா மலை ஏறுறவன், 2022 டூர்ல நாலாவது வரைக்கும் வந்தான், அதுக்கு மேல போகல. 2022ல செயான் ஆய்த்டெப்ரூக்ஸ், இன்னும் தேடிட்டு இருக்கான். அதனால லவெனிர் ஒரு அறிகுறி, அவ்ளோ தான். ஆனா செய்சாஸ் ஜெயிச்ச விதம் எனக்குப் பிடிச்சிருந்தது, கடைசி நாள் லா ரோசியேர் மலை மேல டைம் ட்ரையல், முன்னாடி யார் சக்கரமும் கிடையாது, நிழல் கிடையாது, அவனும் கடிகாரமும் மட்டும், அதுல ஜெயிச்சு பட்டத்தை எடுத்தான்.

கேள்வி: சார், ஒரு வாரம் ரேஸ் நல்லா ஓட்டுறவன் மூணு வாரம் ஓட்ட மாட்டானா? உடம்பு ஒண்ணு தானே?

பதில்: இது தான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீட்டி சொல்றேன் மன்னிச்சுக்கங்க. மூணு வார ரேஸ்னா 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), நடுவுல ரெண்டே ரெண்டு நாள் ஓய்வு, கிட்டத்தட்ட 3,300 கிலோமீட்டர், மலை ஏத்தம் மட்டும் கூட்டினா 50,000 மீட்டருக்கு மேல. செய்சாஸ் 2025 முடிய ஓட்டினதுலயே நீளமான ரேஸ் டோஃபினே, எட்டு நாள். எட்டாவது நாளுக்கு அப்புறம் அவன் உடம்பு என்ன பண்ணும்னு அவனுக்கும் தெரியாது அவன் கோச்சுக்கும் தெரியாது, லேப்ல சைக்கிள் மிதிக்க வெச்சு ஆக்சிஜன் அளக்கலாம் லாக்டேட் அளக்கலாம், 17ஆவது நாள் காலைல எந்திரிக்கும் போது கால் எப்படி இருக்கும்னு அளக்க மெஷின் கிடையாது.

சும்மா வாட்ஸ் கணக்கை, அதாவது மிதிக்கிற சக்தியோட அளவை வெச்சு பேசுறாங்க, உடம்பு எடைல கிலோவுக்கு இவ்ளோ வாட்ஸ் அப்படின்னு. ஃப்ரெஷ்ஷா இருக்கும் போது அரை மணி நேரம் கிலோவுக்கு 6 வாட்ஸுக்கு மேல மிதிக்கிற பசங்க இன்னைக்கு நிறைய பேர் இருக்காங்க. அஞ்சு மணி நேரம் ஓட்டி, ரெண்டு மலை ஏறி இறங்கி, அதுக்கப்புறம் மூணாவது மலைல அதே வாட்ஸ் வருதா, அத மறுநாளும் பண்ண முடியுதா, அங்க தான் ஆளுங்க பிரியறாங்க. அதுக்கு தூக்கம் வேணும், சளி காய்ச்சல் வராம இருக்கணும், எல்லாத்துக்கும் மேல வயிறு ஒத்துழைக்கணும். இப்ப மணிக்கு 100, 120 கிராம் கார்ப் (மாவுச்சத்து) சாப்பிடுறாங்க, நம்ம கணக்குல சொன்னா மணிக்கு நாலஞ்சு வாழைப்பழம், அஞ்சு மணி நேரத்துக்கு இருபது இருபத்தஞ்சு பழம், ஜெல்லாவும் தண்ணியாவும் உள்ள போகுது, சாயங்காலம் ஹோட்டலுக்கு வந்து மறுபடி தட்டு நிறைய சோறும் பாஸ்தாவும். பத்து நாள் கழிச்சு சாப்பாட்டைப் பாத்தாலே குமட்டுதுன்னு சொல்ற ரைடர்ஸ் உண்டு. அந்த இடத்துல சாப்பிட முடியாதவன் ஜெயிக்க முடியாது.

கேள்வி: ப்ரோ, பொகாச்சார் 21 வயசுல டூர் ஜெயிச்சான். இவனும் 2026லயே நேரா டூர் போக வேண்டியது தானே?

பதில்: பொகாச்சார் நேரா டூர் போகல ப்ரோ, எல்லாரும் அத மறந்துடறாங்க. முதல்ல 2019 வுவெல்டா, அங்க மூணு ஸ்டேஜ் ஜெயிச்சு மொத்தத்துல மூணாவது, யாரும் பெருசா எதிர்பார்க்காத இடத்துல மூணு வாரம்னா என்னன்னு உடம்புக்கு காட்டிட்டு வந்தான், அடுத்த வருஷம் தான் டூர். ஹினோவும் அப்படித் தான், 1978ல முதல்ல வுவெல்டா ஓட்டி ஜெயிச்சு அப்புறம் தான் அதே வருஷம் டூருக்கு போனார், அதையும் ஜெயிச்சார், அப்ப அவருக்கு 23 வயசு. எவனபோல் கதை வேற, 2020 லொம்பார்தியால பாலத்துல இருந்து கீழ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு மாசக்கணக்குல ரேஸே இல்லாம நேரா 2021 ஜீரோ வந்தான், முதல் வாரம் முன்னாடி நின்னான், அப்புறம் ஒவ்வொரு நாளா கரைஞ்சு 17ஆவது ஸ்டேஜோட வெளிய போயிட்டான். அடுத்த வருஷம் ஒழுங்கா தயாராகி வந்து வுவெல்டா ஜெயிச்சான்.

அதனால என் கருத்து, 2026ல வுவெல்டா போகட்டும். மொனாக்கோல தொடங்குது, ஆகஸ்ட் கடைசி, பத்திரிகைக்காரங்க கூட்டம் கம்மி. ஜூலைல அவன் டூருக்கு வந்தா 19 வயசுப் பையன் தினமும் காலைல டீம் பஸ்ல இருந்து இறங்கும் போதே முப்பது மைக் முகத்துக்கு நேரா நிக்கும், அதுக்கும் சக்தி செலவாகும், அது எந்த வாட்ஸ் மீட்டர்லயும் தெரியாது. அதுவும் 2026 டூர்ல கடைசில 19, 20 ரெண்டு ஸ்டேஜும் ஆல்ப் துவேஸ் மலை மேல முடியுது, முதல் முறை மூணு வாரம் ஓட்டுற பையனுக்கு அதை விட கொடுமையான கடைசி கிடையாது. டூர் தான்னு டீம் முடிவு பண்ணா, மொத்த இடத்தை (21 ஸ்டேஜ் நேரமும் கூட்டி வர்ற வரிசை) பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஸ்டேஜ் தேடு, 12ஆவது நாள் முடியலன்னா வீட்டுக்குப் போ, அப்படின்னு வெளிப்படையா சொல்லிட்டு கூட்டிட்டுப் போகணும்.

கேள்வி: பிரெஞ்சு ரைடர்ஸ் ஏன் எப்பவும் கடைசில கோட்டை விடுறாங்க? மனசு பலவீனமா?

பதில்: இல்லைங்க, அப்படி சொன்னா எனக்கு வருத்தமா இருக்கும். 1989ல ஃபின்யோன் கடைசி நாள் 50 செகண்ட் முன்னாடி இருந்து 8 செகண்ட்ல தோத்தார், எதிர்ல அமெரிக்கர் லெமாண்ட் டைம் ட்ரையலுக்கு நீட்டின ஹேண்டில்பார் போட்டு வந்தார், இவர் பழைய மாதிரி தலைமுடி காத்துல பறக்க ஓட்டினார். அது சாமான் விஷயம். பார்தே 2016ல ரெண்டாவது வந்தார், டைம் ட்ரையல் தான் அவருக்கு எப்பவும் குறை.

இன்னொரு பிரெஞ்சு ரைடர் பினோவை நெனச்சா இன்னும் மனசு கனக்குது. 2019, டூர்மலே மலைல ஜெயிச்சாரு, ஆல்ப்ஸ்ல அவர் தான் பலசாலின்னு எல்லாரும் நம்பின நேரம், தொடைல தசை கிழிஞ்சு 19ஆவது ஸ்டேஜ்ல மிதிக்கவே முடியல, அழுதுட்டே ஓட்டுறாரு, டீம்மேட் வில்லியம் பொனே பக்கத்துல வந்து தோள்ல கை போட்டு கூடவே ஓட்டுறாரு, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல, கொஞ்ச தூரத்துல பினோ இறங்கி கார்ல ஏறிட்டாரு. அன்னைக்கு ஆலங்கட்டி மழைல ரோடு மூடி ஸ்டேஜையே பாதில நிறுத்தினாங்க, டூர்ல முதல் இடத்துல இருக்கறவங்க போடுற மஞ்சள் ஜெர்ஸி பெர்னாலுக்கு போச்சு. இதுல மனசு எங்க பலவீனம்?

செய்சாஸ் கிட்ட பார்தேகிட்ட சேர்ந்து இல்லாத ஒண்ணு இருக்கு, மலையும் ஏறுவான், டைம் ட்ரையலும் ஓட்டுவான். எனக்கு நம்பிக்கை வர்றதே அங்க தான்.

கேள்வி: டெல் டோரோவா செய்சாஸா? உங்க ஓட்டு யாருக்கு?

பதில்: 2025 முடிவு நிலவரப்படி, மெக்சிகோ பையன் டெல் டோரோ, ஏன்னா அவன் மூணு வாரம் முடிச்சுக் காட்டிட்டான். 2025 ஜீரோல 21 வயசுல பதினோரு நாள் பிங்க் ஜெர்ஸி (ஜீரோல முதல் இடத்துல இருக்கறவங்க போடுறது) போட்டான். ஆனா ஃபினெஸ்த்ரே மலைல நடந்தது ஒவ்வொரு இளம் ரைடரும் திருப்பித் திருப்பிப் பாக்க வேண்டிய பாடம். 20ஆவது ஸ்டேஜ், பதினெட்டரை கிலோமீட்டர் ஏத்தம், மேல எட்டு கிலோமீட்டர் மண் ரோடு. டெல் டோரோ முதல்ல, கரபாஸ் 43 செகண்ட் பின்னாடி, சைமன் யேட்ஸ் 1 நிமிஷம் 21 செகண்ட். யேட்ஸ் கிளம்பிப் போறான். பின்னாடி இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க, நீ முன்னாடி போய் காத்தை வாங்கி இழு, நான் இழுக்க மாட்டேன்னு. கால்ல சக்தி இருந்துச்சு, அது தான் கொடுமை. மலை உச்சி தாண்டி யேட்ஸோட டீம்மேட் வான் ஆர்ட் முன்னாடியே போய் காத்துட்டு இருந்தான், பள்ளத்தாக்குல அவன் இழுக்க இழுக்க ரேஸ் அங்கயே முடிஞ்சு போச்சு. கடைசில டெல் டோரோ 3 நிமிஷம் 56 செகண்ட்ல ரெண்டாவது. அதே மலைல தான் 2018ல பிங்க் ஜெர்ஸில வந்த யேட்ஸ் மொத்தமா உடைஞ்சு போனது, ஏழு வருஷம் கழிச்சு அங்கயே வந்து வாங்கினான்.

அந்த மாதிரி ஒரு நாளை 2025 முடிய செய்சாஸ் பாக்கல.

கேள்வி: டீம் சரியா இருக்கா? பொகாச்சார் டீம் மாதிரி பணம் இருக்கா?

பதில்: முன்ன விட நல்லா இருக்கு. சிஎம்ஏ சிஜிஎம் கப்பல் கம்பெனி 2026ல இருந்து டீம் பேர்லயே சேருது. டீம்ல இருக்குற ஃபீலிக்ஸ் கால்ங்கற ரைடர் 2025 டூர்ல அஞ்சாவது, 2026க்கு புதுசா வர்ற ரிச்சிட்டெல்லோ 2025 வுவெல்டால அஞ்சாவது பிளஸ் சிறந்த இளம் ரைடருக்கான வெள்ளை ஜெர்ஸி. இதுல பெரிய லாபம் என்னன்னா, மொத்த இடத்துக்கான பொறுப்பை வேற தோள்ல வெச்சுட்டு பையனை மெதுவா வளக்கலாம்.

கேள்வி: என் பையனுக்கு 15 வயசு, நல்லா ஓட்டுறான். செய்சாஸைப் பாத்துட்டு வெயிட் குறைக்கணும்னு சோறு சாப்பிட மாட்டேங்குறான். என்ன பண்றது?

பதில்: அக்கா, முதல்ல அத நிறுத்துங்க, இன்னைக்கே. வளர்ற வயசுல பட்டினி கிடந்தா எலும்பு பலம் குறையும், ஹார்மோன் கெடும், ரெண்டு வருஷத்துல வேகமும் போயிடும். செய்சாஸ் மாதிரி பசங்க மணிக்கு 100 கிராம் கார்ப் சாப்பிட்டுட்டு தான் ஓட்டுறாங்கன்னு மேல எழுதினத காட்டுங்க. விளையாட்டு விவரம் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கிட்ட கூட்டிட்டுப் போங்க, எடை மெஷினை கொஞ்ச நாள் எடுத்து உள்ள வெச்சுடுங்க.

கேள்வி: கடைசியா ஒரே வார்த்தை, ஜெயிப்பானா மாட்டானா? எத்தனை வருஷம்?

பதில்: மூணு வார ரேஸ்ல மேடை ஏறுவான்னு நம்புறேன், 22 வயசுக்குள்ள. டூர் ஜெயிக்கிறது பொகாச்சார் எவ்ளோ நாள் இதே பலத்தோட இருக்கான்ங்கறதைப் பொறுத்தது, 2025 முடியும் போது அவனுக்கு 27 தான். முதல் மூணு வார ரேஸுக்கு இவன் எங்க போனாலும் சரி, ரெண்டாவது ஓய்வு நாளுக்கு மறுநாள் ஸ்டேஜை மட்டும் தவற விடாதீங்க, கடைசி மலைல முன்னாடி குரூப்ல உக்காந்தபடியே ஏறுறானா, இல்ல அடிக்கடி சீட்ல இருந்து எந்திரிச்சு எந்திரிச்சு மிதிக்கிறானான்னு பாருங்க, தெம்பு மிச்சம் இருக்கான்னு அதுல தெரியும். நான் அன்னைக்கு லீவ் போட்டுட்டு பாக்கப் போறேன்.