வகுப்பறைக்குள் என்ன காற்று? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வகுப்பு மேல்மாடியில் இருக்கிறது. மழை பிடித்தால் தாலில் (கான்கிரீட் கூரையில்) கறுப்பு பூக்கிறது. அலமாரியை நகர்த்தினால் பின்சுவரிலும் கறுப்புப் புள்ளிகள். விடுமுறையில் பெயிண்ட் அடித்தோம். மூன்று மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் நனைந்த துணி மூட்டையின் வாடை. இரண்டு பிள்ளைகளுக்கு இழுப்பு அடிக்கடி வருகிறது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா ஐயா?
– ஓர் ஆசிரியை, கியூர்பிப், மொரிஷியஸ்

பதில்: மெஷினுக்கான பணத்தைக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள், சகோதரி. முதலில் ஈரம் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த அறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு.

தாலில் தேநீர்க் கறை போலப் பழுப்பு வளையம் இருந்து, மழைக்கு மறுநாள் அது பெரிதானால், தண்ணீர் மேலிருந்து இறங்குகிறது. கறையின் ஓரத்தைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். இரண்டு மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் இருப்பது வேறு கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கியூர்பிப்பின் இரவுக் குளிரில் வெளிச்சுவர் சில்லென்று ஆகிவிடும். முப்பது பிள்ளைகளின் மூச்சும் வியர்வையும் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கின்றன. காற்றோட்டமே இல்லாத அந்தச் சந்தில் ஆவி குளிர்ந்து சுவரில் படியும், மழையே இல்லாவிட்டாலும் படியும். உறுதி செய்ய 45 சென்டிமீட்டர் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, அந்தச் சுவரில் ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் மட்டும் ஈரமானால் அறைக்காற்றிலிருந்து வருகிறது.

மேலிருந்து வரும் தண்ணீருக்கு மாடி ஏறித்தான் ஆக வேண்டும். பெரும்பாலான இடங்களில் குற்றவாளி அடைத்துக்கொண்ட வடிகால் வாய்தான். இலையும் பாசியும் சேர்ந்து, தண்ணீர் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். அங்கே கொசு முட்டையிடுவது தனித் தொல்லை. வாயைச் சுத்தம் செய்த பிறகும் மழை நின்று இரண்டு நாள் கழித்துக் குட்டை இருந்தால், வாட்டம் போதவில்லை என்று பொருள். 80 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். அடுத்து, நம் மேஸ்திரிகள் எத்தான்ஷெய்த்தே என்று சொல்லும் நீர்த்தடுப்புப் படலத்தைப் பாருங்கள். அது கைப்பிடிச் சுவரில் மேலே ஏறும் மூலையிலும் குழாய் தாலைத் துளைக்கும் இடத்திலும்தான் முதலில் வாய் பிளக்கும். நடுவில் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிறுத்திச் சோதிப்பதைப் பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். கம்பி துருப்பிடித்த பழைய தால் அதைத் தாங்கும் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

அலமாரியைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முடிந்தால் வெளிச்சுவரை விட்டே மாற்றிவிடுங்கள்.

பூஞ்சணத்தைத் துடைப்பது ஈரம் நின்ற பிறகு. மொத்தப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் பள்ளியிலேயே செய்யலாம், பெரிதானால் தெரிந்தவர்களை அழையுங்கள். பிள்ளைகள் இல்லாத நாளில், நுண்துகளைத் தடுக்கும் எஃப்எஃப்பி2 முகமூடி, கையுறை, கண்ணாடி அணிந்து, இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் நனைத்துவிட்டுத் தேயுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும், நோயைக் கையால் விதைத்த மாதிரி. ஜாவெல் (ப்ளீச்) ஊற்றினால் கறுப்பு வெளுக்கும், ஆனால் பூச்சுக்குள் இருக்கும் வேர் சாவதில்லை. ஜாவெலோடு அமோனியாவோ கழிவறை ஆசிட்டோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். ஒரே வாளியில் ஒருபோதும் கலக்காதீர்கள். நனைந்து பூத்த அட்டைக் கூரைப்பலகை, விரிப்பு, புத்தகம் எல்லாம் போகட்டும். சுவர் முழுதாகக் காய்ந்த பிறகே பெயிண்ட். உங்கள் சுவர் மூன்று மாதத்தில் பழையபடி ஆனதற்கு ஈரச்சுவரில் அடித்ததுதான் காரணம்.

மெஷினைப் புத்தக அறைக்கு வாங்கலாம். ஜன்னல் திறந்த வகுப்பில் அது கியூர்பிப் முழுவதையும் உலர்த்தப் பார்க்கும். அட்டையில் எழுதியிருக்கும் "நாளுக்கு 20 லிட்டர்" பொதுவாக 30 டிகிரி சூட்டில் அளந்தது, உங்கள் ஊர்க் குளிரில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். சைக்ளோன் கழிந்து பள்ளி திறக்கும்போது நனைந்ததை 24 முதல் 48 மணிக்குள் உலர்த்துவதற்கும் அது உதவும்.

கேள்வி: பெற்றோர் சேர்ந்து வகுப்புக்கு ஏசி போட்டோம், பழைய நாக்கோவை (கண்ணாடிப் பட்டை ஜன்னலை) எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலும் வைத்தோம். இப்போது பத்து மணிக்கே பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள், தலைவலி என்கிறார்கள். வாயு ஏதும் கசிகிறதா?
– ஒரு தகப்பனார், ரோஸ்ஹில்

பதில்: கசிவு என்று எண்ண இடமில்லை. அவர்கள் விட்ட மூச்சே அறைக்குள் சுற்றுகிறது. ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. 8 மீட்டர் நீளம், 7 அகலம், 3 உயரம் என்றால் அறையில் 168 கனமீட்டர் காற்று. முப்பது பிள்ளைகளும் ஆசிரியரும் மணிக்குச் சுமார் 410 லிட்டர் கரியமில வாயு விடுவார்கள். எல்லாம் மூடியிருந்தால் ஒரு மணி நேரத்தில் அளவு 2,400 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கூடும். வெளியே இருப்பது 420 அளவு. ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று கிடைத்தால் 900 பக்கம் நிற்கும். அதுவே குறி.

நாக்கோவை எடுத்ததில் வருத்தம் உண்டு. அதன் கண்ணாடிப் பட்டைகளைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய முழுச் சட்டமும் திறப்பு. ஸ்லைடிங்கில் பாதிக்கு மேல் திறக்க வழியில்லை. இன்னும் நாக்கோ இருக்கும் பள்ளிகள் மாற்றாமல் பழுது பாருங்கள். பெயிண்டில் ஒட்டிப்போன கைப்பிடியும் வளைந்த கிளிப்பும் சின்ன வேலை. உங்கள் அறையில் தென்கிழக்குக் காற்று வரும் பக்கமும் அதற்கு எதிரே நடைபாதைப் பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று நுழைய மனம் வைக்காது. திறப்பு, தரைப்பரப்பில் இருபதில் ஒரு பங்காவது இருக்கட்டும்: 56 சதுர மீட்டருக்கு 2.8.

கரியமில வாயுவை அளக்கும் சிஓ2 மீட்டர் ஒன்று வாங்குங்கள், "என்டிஐஆர்" உணரி (அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே அளப்பது) உள்ளதாக. மலிவானவற்றில் பல, வேறு வாயுக்களைப் பார்த்துக் கணக்கில் ஊகிப்பவை. அகர்பத்தி ஏற்றினால் எகிறும். வெளியில் வைத்தால் 420 – 450 காட்ட வேண்டும். வகுப்பில் பிள்ளையின் மூக்கு உயரத்தில், யாருடைய முகத்துக்கும் ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். எண் 2,000 ஆனதும் எல்லாரையும் வெளியே அனுப்பி, பாடம் நடக்கும்போது ஜன்னல் எப்படி இருந்ததோ அப்படியே விட்டு, 1,000க்கு இறங்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 60ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பது வரும். 20 நிமிடம் என்றால் 3 முறை. மேலே சொன்ன அறைக்கு 5க்கு மேல் வேண்டும், அதாவது பதினொரு நிமிடத்துக்குள் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் ஜன்னல் மேல்பகுதியில் வெளியேற்று விசிறி வைத்து, எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி விடுங்கள். ஏசி மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

கேள்வி: கரும்பு வெட்டுக் காலத்தில் பக்கத்துத் தோட்டம் எரிக்கும் புகை வகுப்புக்குள் வருகிறது. காற்றுச் சுத்திகரிப்பான் போதுமா?
– ஓர் உதவித் தலைமையாசிரியர், ஃபிளாக்

பதில்: புகைக்கு அது சரியான மருந்து, கரியமில வாயுவுக்கு அல்ல. மேசையில் விழும் கறுப்புச் சருகைவிடக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது. நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். ஓசோன், அயனி என்று விளம்பரம் செய்பவை வேண்டாம். ஓசோனே மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். அளவு முக்கியம்: அறையின் கனமீட்டரை 5ஆல் பெருக்குங்கள். 168க்கு 840. அட்டையில் "சிஏடிஆர்" (எவ்வளவு சுத்தக் காற்று தரும் என்ற அளவு) மணிக்கு 420 கனமீட்டர் என்று போட்டிருந்தால் இரண்டு வேண்டும். படுக்கையறைக்கான சின்னது ஒன்றை மூலையில் வைத்தால் விளக்குதான் எரியும். புகை வரும் பக்கத்தை மூடி, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், சிஓ2 மீட்டர் 1,500 தாண்டினால் இன்னும் திறக்க வேண்டும். புகை கலைந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். இழுப்புள்ள பிள்ளைகளுக்கு அன்று மைதான ஓட்டம் வேண்டாம், இன்ஹேலர் பம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கோவில் மண்டபத்தில் மாலைத் தமிழ் வகுப்பு. கொசுவுக்காகச் சுருள் ஏற்றுகிறோம். தவறா?
– ஒரு தமிழ் ஆசிரியை, குட்லாண்ட்ஸ்

பதில்: தவறுதான் அம்மா. ஒரு சுருள் எரிந்து முடிய விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், மண்டபத்தில் மேசை விசிறிகளைக் கால் மட்டத்தில் ஓட விடுங்கள். வீசும் காற்றில் கொசு பறக்கத் திணறும். சாம்பிராணி பூசை நேரத்தில் இருக்கட்டும். அது முடிந்து, கதவு திறந்த அரைமணி கழித்துப் பிள்ளைகள் உட்காரட்டும்.