பழைய கார், மாற்றிய எஞ்சின், புகை டெஸ்ட்: கேள்வி பதில்

பழைய பெட்ரோல் கார், அதிலும் கைவைத்து மாற்றிய கார், புகை டெஸ்டில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்கச் சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஊரையும் வண்டியையும் மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் ஆர்.சி.யில் உள்ள வருஷம், வண்டியில் என்ன மாற்றினீர்கள், மெஷின் தரும் சீட்டில் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) எவ்வளவு, எச்.சி. (ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல்) எவ்வளவு என்பதை எழுதுங்கள். "ஃபெயில் ஆகிவிட்டது அண்ணா" என்பதை வைத்துக்கொண்டு நான் ஜோசியமா பார்க்க முடியும்?

பவானி, 1987 பிரீமியர் பத்மினி: முன்பு வைத்திருந்தவர் கார்ப்பரேட்டரில் பெரிய மெயின் ஜெட், கோன் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் எல்லாம் போட்டிருக்கிறார். சி.ஓ. 5.1, எச்.சி. 820. அத்தனையையும் கழற்றணுமாங்கண்ணா?

வேண்டாங்க. கேள்வி கேட்டால் இப்படிக் கேட்கணும், எண் இரண்டும் இருக்கிறது. உங்கள் வண்டி பாரத் ஸ்டேஜ் 2 (பி.எஸ். 2) என்ற புகை விதிக்கு முந்தியது. அதற்கு சி.ஓ. 3 சதவீதம் வரைக்கும், எச்.சி. 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1500 பங்கு) வரைக்கும் விடுவார்கள். எச்.சி. உள்ளேதான் இருக்கிறது, அப்படியென்றால் பிளக், பாயின்ட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. சி.ஓ. மட்டும் ஏறியிருக்கிறது, அதாவது பெட்ரோல் அதிகம் போகிறது.

இந்த டெஸ்டை ஐடிலிங்கில்தான் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது) எடுக்கிறார்கள். ஐடிலிங்கில் பெட்ரோல் அளவை மெயின் ஜெட் (வண்டி ஓடும்போது பெட்ரோலை அளந்து விடும் துளை) தீர்மானிப்பதில்லை, ஐடில் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும் (ஐடிலிங் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு)தான் கணக்கு. ஆகவே அவர் போட்ட பெரிய மெயின் ஜெட் உங்கள் பர்சைக் கடிக்கும், சீட்டைக் கெடுக்காது. கோன் ஃபில்டரும் அப்படித்தான்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, சோக் மூடி முழுதாகத் திறக்கிறதா பாருங்கள். பழைய பத்மினியில் சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நிற்பது சகஜம். அப்புறம் எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போதே டார்ச் அடித்துக் கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். நடுவில் இருக்கும் மெயின் நாசிலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுகிறதா? விழவே கூடாது. விழுந்தால் ஃப்ளோட் லெவல் (கார்ப்பரேட்டர் தொட்டியில் பெட்ரோல் மட்டம்) ஏறியிருக்கிறது, இல்லாவிட்டால் அந்தத் தொட்டிக்கு வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தேய்ந்திருக்கிறது. அதைச் சரி பண்ணாமல் ஸ்க்ரூவை எத்தனை சுற்று சுற்றினாலும் பிரயோஜனமில்லை.

அது சரியாக இருந்தால் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்குங்கள். பவானியிலிருந்து பெருந்துறை வரைக்கும் போய் வந்தால் போதும். திரும்பி வந்ததும் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே திருகுங்கள். ஒரு இடத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து சத்தம் சமமாகும் வரை வெளியே எடுத்து, ஐடிலிங் வேகத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள். கடைசி வரை முரட்டுத்தனமாக இறுக்கினால் ஸ்க்ரூ முனையில் வளையம் விழுந்துவிடும், பிறகு அது எந்த டியூனிங்குக்கும் உதவாது. இதையெல்லாம் வெட்டவெளியில் செய்யுங்கள். ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட விடாதீர்கள், சி.ஓ. என்பது மெஷினில் வரும் எண் மட்டுமில்லை, ஆளையே சாய்க்கும் வாயு.

தாராபுரம், மாருதி 800: ஃபெயில் ஆகிவிட்டது அண்ணா, என்ன செய்யலாம்?

சீட்டு எங்கே தம்பி?

கோயமுத்தூர், 2018 ஸ்விஃப்ட் பெட்ரோல்: ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் முதல் பைப்) மாற்றியபோது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டோம். டியூன் பண்ணிப் பாஸ் பண்ண முடியுமா?

முடியாது. உங்களுடையது பி.எஸ். 4. ஐடிலிங்கில் சி.ஓ. 0.3, எச்.சி. 200 தாண்டக் கூடாது. அதோடு 2500 ஆர்.பி.எம். அளவில் வைத்து லாம்டாவும் (காற்று, பெட்ரோல் கலவை சரியாக இருக்கிறதா என்று காட்டும் எண்) பார்க்கணும், 0.97-லிருந்து 1.03-க்குள் நிற்கணும். கேட் (புகையைச் சுத்தப்படுத்தும் அந்தக் கன்வெர்ட்டர்) இல்லாமல் அந்த அளவுக்கு இறங்காது. கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால் மாட்டுங்கள். கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சைலன்சர் எதுவானாலும் புகைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சத்தத்துக்குத் தனியாகப் பிடிப்பார்கள். மாட்டும்போது ஃப்ளாஞ்ச் கேஸ்கட்டைப் புதிதாகப் போடுங்கள். அங்கே காற்று இழுத்தால் லாம்டா தப்பாகக் காட்டும், ஆக்சிஜன் சென்சாரும் குழம்பிவிடும். டெஸ்டுக்கு வண்டியைச் சூடாகவே கொண்டுபோங்கள், ஆறிய கேட் வேலை செய்யாது.

கரூர், மாருதி ஜென்: செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கு ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) போட்டிருக்கிறேன். 1996 வண்டி. சி.ஓ. 1.2, எச்.சி. 2600.

இதுதான் உண்மையிலேயே சிக்கலான கேஸ். ரேஸ் கேமில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். மேல் வேகத்தில் அதனால்தான் இழுக்கிறது. ஐடிலிங்கில் எரிந்த புகையே திரும்ப உள்ளே வந்து கலக்கும், நெருப்பு சரியாகப் பிடிக்காமல் மிஸ் ஆகும், எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போகும். எச்.சி. அங்கிருந்துதான் வருகிறது. மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் இன்னும் மோசமாகும், கொஞ்சம் வெளியே எடுங்கள். சி.ஓ.வில் உங்களுக்கு 3 வரைக்கும் இடம் இருக்கிறது. ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். தீப்பொறி டைமிங்கை ஓரிரண்டு டிகிரி பின்னால் தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு ஏறி எச்.சி. கொஞ்சம் எரிந்துபோகும். டெஸ்ட் முடிந்ததும் டைமிங்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், அதே நிலையில் ட்ராக்கில் விரட்டினால் எஞ்சின் கொதிக்கும். இத்தனைக்கும் இறங்காவிட்டால் ரோட்டுக்கு ஒரு கேம், ட்ராக்குக்கு ஒரு கேம்தான்.

ஈரோடு: தின்னர் ஊற்றினால் பாஸ் ஆகும் என்கிறார்களே?

ஊற்றாதீர்கள். ரப்பர் டயாஃப்ரம், ஃப்யூல் பைப் எல்லாம் ஊறிக் கெடும். எஞ்சின் ரூமில் பெட்ரோல் கசிந்தால் சர்டிபிகேட்டுக்குப் பதில் தீயணைப்பு வண்டிதான் வரும்.

திருப்பூர், 1999 எஸ்டீம், கார்ப்பரேட்டர் வண்டி: போன தடவை நன்றாகப் பாஸ் ஆனது. இப்போது எச்.சி. 1900. 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் காரணம் என்று பட்டறையில் சொல்கிறார்கள்.

இதைப் போட்டதும் ஈரோட்டிலிருந்து ஒருவர், "சும்மா பழி போடுறாங்க. என் அம்பாசடருக்கு இந்த பெட்ரோல் வந்த பிறகுதான் சி.ஓ. 3.4-லிருந்து 2.7-க்கு இறங்கிச்சு" என்று எழுதினார். திருப்பூர்க்காரர் விடவில்லை: "உங்க வண்டி முதல்லயே பெட்ரோல் குடிச்சிருக்கு, அதனால உங்களுக்கு நல்லதாப் போச்சு." அவிநாசியிலிருந்து ஒருவர் வந்து, மூன்று பேரும் சேர்ந்து மற்ற கேள்விகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டார்கள். சரி, ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். வெறும் பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 13.5 போதும், ஏனென்றால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இதைக் கண்டுபிடித்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்ப்பரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது, பழைய அளவிலேயே ஊற்றும். ஆகவே கலவை மெலிந்துபோகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். முன்பே கெட்டியாக ஓடிய அம்பாசடருக்கு அது மருந்து மாதிரி, சி.ஓ. இறங்கும். முன்பே மெலிவாகச் சரிசெய்து வைத்திருந்த எஸ்டீமுக்கு அது ஒரு படி அதிகம். ஐடிலிங்கில் மிஸ் ஆகி எச்.சி. ஏறும்.

ஆனால் ஈரோட்டு அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. 2022-லேயே பெட்ரோல் பங்க்குகளில் 10 சதவீதம் கலப்பு வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில்தான் 20 ஆரம்பித்தது. உங்கள் வண்டியைக் கடைசியாக எப்போது டியூன் பண்ணினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 10 இருக்கும்போது பண்ணியிருந்தால் வித்தியாசம் பாதிதான், 3.4-லிருந்து 2.7-க்கு வந்ததில் வேறு ஏதோ ஒன்றுக்கும் பங்கிருக்கலாம், மாற்றிய ஏர் ஃபில்டர்கூட.

திருப்பூர் வண்டிக்கு மிக்சர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள். சரிப்படாவிட்டால் பிளக் இடைவெளி, பிளக் வயர், டேப்பட் (வால்வு) இடைவெளி பாருங்கள். வாக்குவம் பைப்பில் கீறல் இருந்தாலும் இதே எண்தான் வரும். எத்தனாலில் பழைய ரப்பர் உப்பி விரியும், அதனால் ஃப்யூல் பைப் மொத்தத்தையும் மாற்றிவிடுங்கள்.

அவிநாசி அன்பர், பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி எத்தனாலை அடியில் பிரித்துவிட்டு மேலே நிற்பதை ஊற்றலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். எத்தனால் போனால் ஆக்டேனும் அதோடு போய்விடும், மேட்டில் ஏறும்போது எஞ்சின் தட்டும். மிச்சமாகும் எத்தனால் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவீர்களா? எரியக்கூடிய சரக்கு அது. இந்தச் சண்டை இத்தோடு போதும்.

சங்ககிரி, மஹிந்திரா ஜீப் டீசல்: கரும்புகை.

டீசல் என் பக்கம் இல்லை. அதற்கு மெஷினே வேறு, எஞ்சினை முழுக்க ரேஸ் பண்ணி புகையின் அடர்த்தியை எடுப்பார்கள். ஏர் ஃபில்டரை மாற்றிவிட்டு பம்ப், நாசில் சர்வீஸ் செய்யும் கடைக்குப் போங்கள். இழுவைக்காக யாராவது பம்ப் ஸ்க்ரூவைத் திருகியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோபி, ஆர்.எக்ஸ். 100: இரு சக்கர வண்டிக்கும் சொல்லலாமே?

2000 மார்ச்சுக்கு முந்திய வண்டிக்கு சி.ஓ. 4.5, எச்.சி. 9000. தாராளமான அளவு. அதிலும் ஃபெயில் என்றால் சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கும்.

உடுமலை, மாருதி ஓம்னி, எல்.பி.ஜி.: எச்.சி. 1100 காட்டுகிறது. 2006 மாடல்.

உங்களுக்கு அளவு 750. பயப்படாதீர்கள், எல்.பி.ஜி. வண்டிக்கு மெஷின் காட்டும் எச்.சி.யை 0.5-ஆல் பெருக்கித்தான் பார்க்கணும். 550 வருகிறது, பாஸ். சென்டரில் ஃப்யூலைப் பெட்ரோல் என்று போட்டிருப்பார்கள். ஆர்.சி.யில் எல்.பி.ஜி. ஏறியிருக்கிறதா பாருங்கள். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டுவதாக இருந்தால் எனக்கு எழுதவே வேண்டாம்.

திருச்செங்கோடு: வண்டியே கொண்டுபோகாமல் சர்டிபிகேட் தருவார்களாமே, எந்த சென்டர்?

தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். நம்பர் பிளேட் படம் எடுத்து அரசு தளத்தில் ஏற்றுகிறார்கள். மாட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

பல்லடம், மாருதி 800: ஃபெயில் ஆகுதுங்ண்ணா.

மேலே படியுங்கள். சீட்டு!

பொள்ளாச்சி, 1998 மாருதி 800, ஜென் எஞ்சின்: எஞ்சினுக்கு உள்ள அளவா, வண்டிக்கு உள்ள அளவா?

ஆர்.சி.யில் உள்ள வண்டியின் தயாரிப்பு வருஷத்துக்கு உள்ள அளவுதான். புகையில் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள், ஆனால் எஞ்சின் நம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி இப்படி மாற்ற ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றியிருக்கணும். 15 வருஷம் தாண்டிய கார் என்பதால் ஐந்து வருஷத்துக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டியே ஆகணும். அன்றைக்கு பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பே போய்ப் பேசிவிடுங்கள்.

அன்னூர், 1969 அம்பாசடர், இசுசு 1.8 எஞ்சின்: 50 வருஷம் தாண்டிவிட்டது. விண்டேஜ் நம்பர் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காதல்லவா?

2021-இல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிக்குத்தான் வி.ஏ. நம்பர். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இசுசு எஞ்சின் அந்தக் காலத்து அம்பாசடருக்கு வந்ததே இல்லை, சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றையும் பார்ப்பார்கள். தவிர, விண்டேஜ் நம்பர் போட்டால் தினமும் சந்தைக்கும் தோட்டத்துக்கும் ஓட்ட முடியாது; கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு என்று மட்டும்தான். நீங்கள் தினமும் காய் ஏற்றிப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சாதாரண நம்பரிலேயே ஓட்டுங்கள். இசுசு எஞ்சின் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.