84 பேருக்கு ஒரே மெயில்

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் 84 வீடுகள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை எல்லோருடைய முகவரியும் போட்டு ஒரே மெயிலில் அனுப்பினேன். இரண்டு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். நான் செய்தது தப்பா?
- வாசகி, திருச்சி

பதில்: தப்புதான் அம்மா. 'டூ', 'சிசி' கட்டங்களில் போடும் முகவரி, மெயில் போகிற அத்தனை பேர் கண்ணிலும் படும். அந்தக் காலத்தில் தட்டச்சில் கார்பன் தாள் வைத்து நகல் எடுத்தோமே, அதிலிருந்து வந்த பெயர்தான் சிசி. 'பிசிசி'யில் போட்டால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. பொது அறிவிப்புக்கு அதுவே சரி. பாக்கிக் கணக்கை அந்தந்த வீட்டுக்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன், அப்பாவின் நோயை விவரமாக எழுதி விடுப்பு கேட்டான். மேலாளர் அதைக் கைதவறி அலுவலகம் முழுவதற்கும் ஃபார்வர்டு செய்துவிட்டார். மறுநாள் கேன்டீனில் ஆளாளுக்கு விசாரிக்க, அவன் ஆறிப்போன டீயைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

ஜிமெயில் அமைப்புகளில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 30 விநாடியாக மாற்றி வையுங்கள். அதற்குள் என்றால் அனுப்பியதை நிறுத்திவிடலாம். அப்புறம், அந்த இரண்டு வீட்டுக்கும் மெயில் வேண்டாம். நேரில் போய் வருத்தம் சொல்லிவிட்டு வாருங்கள்.