அடுத்தடுத்த புள்ளிகள் நெருங்கியும் நிலைப்புள்ளி கிடைக்காதது ஏன்?

சேப்பாக்கத்தில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். விரிக்காத சார்புக்கு, அதாவது எந்த இரு புள்ளிகளின் தூரத்தையும் கூட்டாத சார்புக்கு, நிலைப்புள்ளியை (சார்பு நகர்த்தாத புள்ளியை) தேட, கணிதவியலாளர் மானின் (Mann) படிமுறையைப் போட்டீர்கள். அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி 0.001-க்குக் கீழே வந்தும் கிடைத்தது நிலைப்புள்ளி இல்லை. கோளாறு நிறுத்தும் நிபந்தனையில் இருக்கிறது.

பானாக் 1922-இல் வெளியிட்ட நிலைப்புள்ளித் தேற்றத்தில் சார்பு ஒவ்வொரு தூரத்தையும் 1-க்குக் குறைந்த ஒரு மாறிலி மடங்குக்குள் சுருக்கும். அந்தச் சுருக்க மாறிலி 0.5 என்றால் மீதிப் பிழை (நிலைப்புள்ளிக்கு இன்னும் உள்ள தூரம்) கடைசி இடைவெளியைத் தாண்டாது. 0.99 என்றால் அதைப்போல 99 மடங்கு வரை இருக்கலாம். விரிக்காத சார்பில், அதாவது மாறிலி 1 ஆகும்போது, இந்த உத்தரவாதமே போய்விடுகிறது.

தளத்தை ஆதியைச் சுற்றி 90 பாகை சுழற்றிப் பாருங்கள். நிலைப்புள்ளி ஆதி மட்டும்தான். பிம்பத்தையே, அதாவது சார்பு புள்ளியைக் கொண்டுபோகும் இடத்தையே, அடுத்த புள்ளியாக எடுத்தால் 4 படிக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே வருவீர்கள். மான் 1953-இல் கொண்டுவந்த சராசரி முறை இதைச் சரிசெய்கிறது. இன்று அதை எழுதும் வடிவம்:

அடுத்த புள்ளி = (1 − அ) × இப்போதைய புள்ளி + அ × அதன் பிம்பம்

ஆதியிலிருந்து தொலைவு 1-இல் உள்ள புள்ளியிலிருந்து புறப்படுவோம். அ = 1/2 என்றால் 20 படியில் தொலைவு 1/1024. அ = 1/(படி எண் + 1) என்றாலும் குவியும், ஆனால் 0.001-க்கு வர ஏறத்தாழ 1900 படி ஆகும். அதையே வர்க்கப்படுத்தி 1/(படி எண் + 1)² என்று வைத்தால், ஆதியிலிருந்து 0.5-க்கும் அதிகமான தொலைவிலேயே நின்றுவிடும். அ(1 − அ) மதிப்புகளின் கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனை இதற்காகத்தான். இதை மீறிய நிரலும் 30 படிக்குள் 'இடைவெளி 0.001-க்குக் கீழ்' என்று சொல்லி நிற்கும்! ஏனென்றால் அந்த இடைவெளி, புள்ளிக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரத்தை அ-வால் பெருக்கியது. அ சுருங்கினால் அதுவும் சுருங்கத்தான் செய்யும். ஆகவே புள்ளிக்கும் பிம்பத்துக்கும் உள்ள தூரத்தையே அளந்து நிறுத்துங்கள்.

வைவாவில் 'எந்த வெளியில்?' என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். முடிவுறு பரிமாணத்தில் கவலையில்லை. முடிவிலாப் பரிமாண ஹில்பர்ட் வெளியில் (உட்பெருக்கத்தால் தூரமும் கோணமும் அளக்கும் நிறைவான வெளி) மான் முறைக்குப் பொதுவாகக் கிடைப்பது வலுக்குறைந்த குவிதல்தான், அதாவது ஒவ்வொரு திசையிலும் தனித்தனியே பார்த்தால் குவியும், தூரம் 0-வை நெருங்க வேண்டியதில்லை; நெறிமத்தில், அதாவது தூரத்தின்படி, குவியாத எடுத்துக்காட்டை கெனெலும் லிண்டன்ஸ்ட்ராஸும் 1975-இல் கொடுத்தார்கள். அங்கே ஹால்பெர்னின் 1967 முறைக்கு மாறலாம்: ஒவ்வொரு படியிலும் பிம்பத்தோடு ஒரு நிலையான புள்ளியைச் சிறு எடையில் கலக்க வேண்டும். அந்த எடை 0-வை நெருங்க வேண்டும், அதன் கூட்டுத்தொகை முடிவிலியாக வேண்டும். 1/(படி எண் + 1) பொருந்தும் என்பது விட்மனின் 1992 முடிவிலிருந்து வருகிறது. நிலைப்புள்ளிகள் பல இருந்தால், கலந்த புள்ளிக்கு மிக அருகிலுள்ளதே கிடைக்கும்.

உங்கள் கணக்கு தளத்திலேயே நின்றால் இதெல்லாம் தேவையில்லை. அ-வை 1/2-இல் வைத்து ஓட்டுங்கள்.