கேளுங்கள், சொல்கிறோம்: பெண்கள் குழுவுக்குள் ஃபேக் ஐடி

ஃபேஸ்புக்கில் பெண்ணியம் பேசும் பெண்கள் குழு நடத்துகிறோம். பெண் பெயரில் ஆண்கள் நுழைந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே போட்டுக் கேலி செய்கிறார்கள். ஆதார் கேட்டுச் சேர்க்கலாமா?
– வாசகி, ஈரோடு

வேண்டவே வேண்டாம். நூற்றுக்கணக்கான ஆதார் நகல்கள் உங்களிடம் இருக்க, ஒரு அட்மினின் கணக்கு பறிபோனால் என்ன ஆகும்? செல்ஃபி கேட்பதும் அதே ஆபத்துதான். திருநங்கைகளை வாசலிலேயே அவமானப்படுத்தி அனுப்புவதாகவும் அது முடியும். வாய்ஸ் நோட்டை நம்பாதீர்கள்; குரல் மாற்றும் ஆப்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

குழுவை பிரைவேட் ஆக்குங்கள். சேர விரும்புவோரிடம் மூன்று கேள்விகள் வரை கேட்க ஃபேஸ்புக்கில் வசதி உண்டு. ‘பெண்ணியம் என்றால் என்ன?’ என்று கேட்டால் கூகுள்தான் பதில் சொல்லும். ‘எங்கள் விதிகளில் எது உங்களுக்கு ஒப்பவில்லை, ஏன்?’ என்று கேளுங்கள். வேவு பார்க்க வருபவர் பெரும்பாலும் விதிகளைப் படிப்பதில்லை. ‘எல்லாம் ஓகே’ என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார். படமில்லாத, பூட்டிய புரொஃபைல் என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். பயந்து வாழும் பெண்களின் கணக்கும் அப்படித்தான் இருக்கும்.

உறுப்பினர் இருவர் பரிந்துரைத்தால் சேர்ப்பது நல்ல வடிகட்டிதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் சில மாதங்களில் ஒரே கல்லூரி, ஒரே சாதி, ஒரே தெருப் பெண்களின் குழுவாகிவிடும். பரிந்துரை இல்லாதவர்களுக்குக் கேள்வி வழியைத் திறந்தே வையுங்கள்.

இன்னொன்று. கசிவு எப்போதும் ஃபேக் ஐடியால் வருவதில்லை. கணவரோ தம்பியோ எடுத்துப் பார்க்கும் வீட்டு போனிலிருந்தும் போகும். ‘யார் துரோகி?’ என்று குழுவில் விசாரணை வைத்தால், அந்த வீட்டில் அடி வாங்குபவர் அந்தப் பெண்தான். நோட்டிஃபிகேஷனில் செய்தி தெரியாமல் மறைக்கவும், வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்துத் தெரியாத கருவியை நீக்கவும் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததிலிருந்து தெரியாத ஆண்களிடமிருந்து ஆபாசச் செய்திகள் வருகின்றன. ஏன்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எண் அனைவருக்கும் தெரியும். ஒரு வேவுகாரர் போதும். அழைப்பு லிங்க்கை ‘ரீசெட்’ செய்து, புது உறுப்பினருக்கு அட்மின் ஒப்புதல் கட்டாயம் என வைக்கச் சொல்லுங்கள். பெரிய குழு என்றால் எண்ணை மறைக்க முடிகிற டெலிகிராமுக்கு மாறுவது மேல். உரையாடலை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது, ஆனால் அது ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்காது.

ஆண்களையும் சேர்த்தால்தானே உரையாடல்?
– வாசகர், மதுரை

உரையாட ஊரெல்லாம் இடமிருக்கிறது. இவர்கள் கேட்பது, மாதவிலக்கு வலியைப் பற்றி எழுதினால் ‘ஆதாரம் உண்டா?’ என்று வராத ஓர் இடம்.

குழுவில் எழுதியதற்காக என் தோழியின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டிப் பரப்புகிறார்கள். முதலில் என்ன செய்ய?
– வாசகி, சென்னை

பிளாக் செய்யும் முன் சேமியுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: பயத்தில் அழித்துவிட்டு வெறுங்கையோடு புகாருக்குப் போகிறார்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. கணக்கின் பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால் பதிவின் லிங்க், கணக்கின் லிங்க், தேதி, நேரம் நான்கையும் குறித்துவையுங்கள். இதைத் தோழியே செய்ய வேண்டாம். மனம் தளராத இருவர் பொறுப்பேற்கட்டும்.

அடுத்து, அந்தத் தளத்திலேயே புகார். மார்ஃபிங் படங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்க 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகள் கெடு வைத்தன. 18 வயது நிரம்பியவர் என்றால், சம்மதமில்லாமல் பரவும் அந்தரங்கப் படங்களைத் தடுக்க உதவும் ‘ஸ்டாப் என்சிஐஐ’ தளத்தையும் நாடலாம். படம் உங்கள் போனைவிட்டுப் போகாது; அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும்.

பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளம். பெயர் சொல்லாமலும் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்தால் நடவடிக்கையைத் தொடர்ந்து பார்க்க முடியாது. ‘எங்கள் எல்லை இல்லை’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்ப முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173-ன்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இணையத்தில் ஆபாசத்தைப் பரப்புவதைத் தண்டிக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, 67ஏ பிரிவுகளைக் குறிப்பிடுங்கள்.

குற்றவாளி கணக்கை அழித்தாலும், கணக்குத் தொடங்கும்போது அவர் கொடுத்த விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். பதிலுக்கு அவருடைய எண்ணையும் முகவரியையும் குழுவில் போட்டுவிடாதீர்கள்; உங்கள் மேலேயே புகார் திரும்பும்.